தீவுகளின் பட்டியலை ரூபியில் சுற்றுதல்

யாழ்ப்பாணத் தீவக விவரங்களை ரூபி மொழியில் வைக்க, தீவுக்கு ஒரு ஹாஷ், எல்லா ஹாஷ்களுக்கும் சேர்த்து ஓர் அரே என்பதே இயல்பான வழி. { பெயர்: "நெடுந்தீவு", துறை: "குறிகட்டுவான்" } ஒரு ஹாஷ்; { பெயர்: "அனலைதீவு", துறை: "ஊர்காவற்றுறை" } இன்னொன்று. 2013இல் வந்த ரூபி 2.0 முதல் நிரல் கோப்பு யூடிஎஃப்-8 என்றே கொள்ளப்படுவதால், தமிழில் எழுதிய கீகளுக்குத் தனி ஏற்பாடு தேவையில்லை.

இந்த அரேயை ஈச் கொண்டு சுற்றும்போது பிளாக்குக்கு ஒவ்வொரு முறையும் ஒரு முழு ஹாஷ் வருகிறது. புதியவர்கள் முதலில் இடறுவது இங்கேதான். தனி ஹாஷைச் சுற்றினால் கீயும் மதிப்பும் இரண்டாகப் பிரிந்து வரும். அந்தப் பழக்கத்தில் |பெயர், துறை| என்று எழுதிவிட்டால் முதலாவதில் ஹாஷ் முழுவதும் அமர்ந்துகொள்ள, இரண்டாவதில் வெறும் ‘நில்’ மட்டுமே இருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. |தீவு| என்று ஒன்றை மட்டும் வாங்கி, தீவு[:துறை] என்று கேட்பதே சரி.

அடுத்த சிக்கல் இல்லாத கீ. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானில் படகேற வேண்டும். அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் ஊர்காவற்றுறையில். வேலணை, மண்டைதீவு, புங்குடுதீவு, காரைநகர் ஆகியவற்றுக்குத் தரைவழி உண்டு என்பதால் அவற்றின் ஹாஷில் துறை என்ற கீயே இராது. அங்கே ‘நில்’ வருவது பிழையன்று, தகவல். பெயர் இல்லாத தீவோ இருக்க முடியாது. ஆகவே துறையைச் சதுர அடைப்பிலும் பெயரை ஃபெட்ச் மூலமும் எடுப்பது நல்லது. பெயர் விடுபட்டிருந்தால் ஃபெட்ச் உடனே கீஎரர் எழுப்பி அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். ஜேசனிலிருந்து படித்த தரவில் கீகள் சிம்பலாக அன்றி ஸ்ட்ரிங்காக வரும். அதைக் கவனிக்காவிட்டால் எல்லாத் தீவுகளும் துறையற்றவையாகத் தோன்றும்.

துறைவாரியாகப் பிரிக்க குரூப் பை ஒன்றே போதும். தரைவழித் தீவுகள் ‘நில்’ என்ற கீயின்கீழ் தாமாகவே சேரும். உண்மையான தொல்லை தரவின் எழுத்தில் இருக்கிறது. குறிகட்டுவான், குறிகாட்டுவான் என இரு வடிவங்களும் வழக்கில் உள்ளதால், ஒரே துறை இரண்டாகப் பிரிந்துவிடும். காரைநகருக்குச் செல்லும் பாலத்தின் பெயரிலுள்ள ‘பொன்னாலை’ இன்னும் நுட்பமானது: அதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ரூபிக்கு அவை வேறு சொற்கள். ரூபி 2.2 முதல் உள்ள யூனிகோட் நார்மலைஸ் இதைச் சரிசெய்யும். முந்தைய எழுத்துவேறுபாட்டைக் கையால்தான் திருத்த வேண்டும். பிரிப்பதற்கு முன் துறைகளை மட்டும் மேப் செய்து, யூனிக் போட்டு ஒருமுறை பார்த்துவிட்டால் இத்தகைய இரட்டைகள் கண்ணில் பட்டுவிடும்.

ஈச் முடிவில் திருப்பித் தருவது பழைய அரேயையே. புதிய பட்டியல் வேண்டுமானால் மேப்பையே பயன்படுத்த வேண்டும். அதற்குள் மெர்ஜ் கொண்டு புதிய கீயைச் சேர்த்தால் மூல ஹாஷ்கள் மாறாமல் இருக்கும். சுற்றிக்கொண்டிருக்கும் அரேயிலிருந்து ஒரு தீவை நீக்கினால் அடுத்த தீவு சத்தமில்லாமல் தாண்டப்படும். நீக்கும் வேலையை ரிஜெக்ட்டிடம் விட்டுவிடலாம்.