பரீக்ஷை மார்க்கும் பள்ளியின் தேவையும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் பள்ளிக்கூடம் நடத்துவது மாநிலங்களும் உள்ளூர்ப் பள்ளி வட்டங்களும் ஏற்றுக்கொண்ட காரியமேயன்றி, வாஷிங்டனிலுள்ள மத்திய சர்க்காரின் காரியமன்று. பொதுப் பள்ளிகளின் மொத்தச் செலவில் மத்திய சர்க்கார் தருவது சாதாரண காலங்களில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஆயினும் அந்தச் சிறு பங்கைப் பற்றி ஜனங்களிடையே நிலைத்துவிட்ட தவறான அபிப்பிராயங்கள் பல. 1965-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் தேதி, டெக்ஸாஸ் மாநிலத்தில் தாம் சிறு பிராயத்தில் படித்த பள்ளிக்கூடத்தின் முன்னே, தமக்கு முதன்முதலில் பாடம் சொன்ன ஆசிரியையைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, தொடக்க இடைநிலைக் கல்விச் சட்டத்தில் ஜனாதிபதி லிண்டன் ஜான்ஸன் கையெழுத்திட்டார். வாலிபத்தில் கொட்டுல்லா என்ற ஊரில் மெக்ஸிகோ வம்சத்துக் குழந்தைகளுக்கு உபாத்தியாயராக இருந்து, அவர்களிற் பலர் பசியோடு வகுப்புக்கு வந்ததைக் கண்ணாரக் கண்டவர் அவர். வறுமை மிகுந்த பகுதிகளின் பள்ளிகளுக்கென்று அச்சட்டத்தின் முதற் பகுதி வகுத்த உதவித் திட்டந்தான் இன்றளவும் ‘டைட்டில் ஒன்’ என்று வழங்கி வருகிறது.

“டைட்டில் ஒன் பள்ளியென்றால் தரங்குறைந்த பள்ளி.”

அங்கே குடியேறிய நம்மவர்கள் வீடு பார்க்கும்போது இந்தச் சொல்லைக் கேட்டவுடனே அடுத்த வட்டாரத்துக்கு நகர்ந்துவிடுவதுண்டு. இந்தப் பெயர் பள்ளிக்கு வந்து சேர்வது அங்கே பயிலும் குழந்தைகளின் குடும்ப வறுமைக் கணக்கினாலேயன்றி, கற்பிக்கும் முறையின் குறையினால் அன்று. நாட்டின் பொதுப் பள்ளிகளில் பாதிக்கு மேற்பட்டவை இந்த உதவியைப் பெறுகின்றன; அவ்வளவும் தரங்கெட்டவை என்று சொல்ல எவருக்கும் துணிவு வராது.

“இது ஏழைக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் பணம்.”

பாதி உண்மையாக இருப்பதனாலேயே இந்த நம்பிக்கை முழுப் பொய்யைவிட அதிகமாக மயக்குகிறது. பணம் எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும் என்பதை நிர்ணயிப்பது வறுமை. நூற்றுக்கு 75-க்கு மேற்பட்ட குழந்தைகள் வறுமையில் வாடும் பள்ளிகளுக்கே முதலிடம் தர வேண்டுமென்று சட்டம் கட்டளையிடுகிறது. ஆனால் பள்ளிக்குள் பணம் வந்து சேர்ந்தபின், எந்தக் குழந்தைக்கு விசேஷ உதவி என்பதைத் தீர்மானிப்பது படிப்பில் உள்ள பின்னடைவே. வாசிக்கத் தடுமாறும் வைத்தியர் மகனுக்கு அந்த உதவி கிடைக்கலாம். சரளமாக வாசிக்கும் கூலித் தொழிலாளி மகளுக்கு அது அவசியப்படாமற் போகலாம். வறுமை விகிதம் நூற்றுக்கு 40-ஐ எட்டிய பள்ளியோ இப்படிக் குழந்தைகளைப் பிரித்தெடுக்காமல், பள்ளி முழுவதையும் சீர்திருத்துவதற்கே அந்நிதியைச் செலவிடலாம். அதற்கு முன் அது தன் தேவைகள் அனைத்தையும் ஆராய்ந்து கணிக்கக் கடமைப்பட்டிருக்கிறது.

“தேவைக் கணிப்பென்பது ஆசிரியர்கள் கேட்கும் பொருள்களின் பட்டியல்.”

அனேக பள்ளிகளில் நடைமுறை இப்படித்தான் இருக்கிறதென்பதை மறுப்பதற்கில்லை. ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டு, வேண்டியவற்றைக் குறிக்கச் சொல்லி, கணினிகள் பத்து, புதிய வாசகப் புத்தகங்கள் நூறு என்று எழுதி வாங்கிக்கொண்டால் கணிப்பு முடிந்ததென்று திருப்தியடைந்துவிடுகிறார்கள். கேட்கப்படுவது பொருள், ஆராயப்பட வேண்டியதோ, குழந்தை இன்று நிற்கும் இடத்துக்கும் நிற்க வேண்டிய இடத்துக்கும் உள்ள தூரமும், அத்தூரம் ஏற்பட்ட காரணமும். மூன்றாம் வகுப்பில் வாசிப்பு மார்க்கு தாழ்ந்து கிடக்கும் ஒரு பள்ளியை எண்ணிப் பாருங்கள். மார்க்குப் பட்டியலை மட்டும் பார்ப்பவர் புதுப் புத்தகம் வாங்கச் சொல்வார். அதே மேசையில் வருகைப் பதிவேட்டையும் விரித்து வைத்துப் பார்ப்பவருக்கு, தாழ்ந்த மார்க்கு வாங்கியவர்களில் பெரும்பாலோர் மாதத்தில் நாலைந்து நாள் வராதவர்கள் என்பதும், அவர்களில் பலர் ஒரே தெருப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் என்பதும், அந்தப் பக்கத்துப் பஸ் அடிக்கடி தாமதமாகிறது என்பதும் புலப்படலாம். அங்கே புத்தகத்தை எவ்வளவு வாங்கிக் குவித்தாலும் என்ன பிரயோஜனம்?

காரணத்தைத் தேடாமல் செலவழிப்பதன் விபரீதம் திட்டத்தின் ஆரம்ப நாட்களிலேயே வெளியாயிற்று. 1969-இல் ரூபி மார்ட்டின், ஃபிலிஸ் மெக்ளூர் என்னும் இரு பெண்மணிகள் வெளியிட்ட அறிக்கை, ஏழைக் குழந்தைகளின் பெயரால் வந்த பணம் பல இடங்களில் பொதுச் செலவோடு பொதுச் செலவாய்க் கரைந்துபோனதைக் காட்டி நாட்டைத் திடுக்கிடச் செய்தது. மாநிலமும் வட்டாரமும் ஏற்கெனவே செய்துவந்த செலவுக்கு மேல் இது கூடுதலாக இருக்க வேண்டுமேயொழிய அச்செலவுக்குப் பதிலாக வந்து நிற்கக் கூடாது என்ற விதி, அதன் பின்னரே கண்டிப்பாக வலியுறுத்தப்பட்டது.

“மார்க்கு ஏறிற்று, ஆகவே திட்டம் பலித்தது.”

இவை யாவற்றுள்ளும் மிகவும் மரியாதையான வேஷத்தில் வருவது இந்த நம்பிக்கைதான். ஆகையால் இதன்மேல் சற்று அதிகமாகவே நிற்க வேண்டியிருக்கிறது. ஏழைப் பெற்றோர்கள் தங்கள் பள்ளியைக் கேள்வி கேட்க ஓர் ஆயுதம் வேண்டுமென்று எண்ணி, மதிப்பீட்டை இச்சட்டத்தில் சேர்க்கும்படி வற்புறுத்தியவர் செனட்டர் ராபர்ட் கென்னடி. நோக்கம் உன்னதமானது, கணக்குப் போட்ட விதத்தில்தான் கோளாறு புகுந்தது.

நூறு குழந்தைகளுக்குச் செப்டம்பரில் ஒரு பரீக்ஷை வைத்து, மிகக் குறைந்த மார்க்கு வாங்கிய இருபது பேரைப் பொறுக்கியெடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த இருபது பேரில் பெரும்பாலோர் மெய்யாகவே தடுமாறுபவர்கள். ஆனால் அன்று ஜுரத்தோடு வந்து உட்கார்ந்தவள் ஒருத்தி இருப்பாள். விடைத்தாளில் ஒரு வரியைத் தவறவிட்டு, அதற்குப் பிந்திய வட்டங்களையெல்லாம் ஒரு வரி தள்ளி நிரப்பிவிட்டவன் ஒருவன் இருப்பான். இந்த இருபது பேருக்கும் ஓர் எழுத்துக்கூடப் புதிதாகக் கற்பிக்காமல் அடுத்த வாரமே மறு பரீக்ஷை வைத்தாலும் அவர்களுடைய சராசரி சற்று ஏறியே தீரும். ஏனெனில் ஜுரம் தணிந்திருக்கும், வட்டங்கள் உரிய வரியில் விழுந்திருக்கும். எந்தப் பரீக்ஷையைக் கொண்டு குழந்தையைத் தேர்ந்தெடுத்தோமோ அதையே ஆரம்ப அளவாகவும் கொண்டால், இந்தத் தானே வந்த ஏற்றம் முழுவதையும் திட்டத்தின் வெற்றி என்று எழுதிக்கொள்வோம். செப்டம்பருக்கும் மே மாதத்துக்கும் இடையில் மட்டும் அளக்கும் வழக்கமும் இதே ஜாதியைச் சேர்ந்ததுதான். கோடை விடுமுறையில் கரைந்துபோவதை அது கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஏழைக் குழந்தைகளுக்கான முன்பள்ளித் திட்டமாகிய ‘ஹெட் ஸ்டார்ட்’டில் குழந்தைகள் பெற்ற பலன் சீக்கிரம் மங்கிவிடுகிறதென்று வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் ஆய்வு 1969-இல் தெரிவித்தபோது, டொனால்ட் காம்ப்பெல், ஆல்பர்ட் எர்ல்பாக்கர் என்னும் இரு அறிஞர்கள் அதன் அஸ்திவாரத்தையே கேள்வி கேட்டார்கள். ஏழைக் குழந்தைகளை, அவர்களைவிட வசதியான குடும்பத்துக் குழந்தைகளோடு ஏதோ ஓர் அளவில் ஜோடி சேர்த்து ஒப்பிட்டால், இரு கூட்டமும் காலப்போக்கில் தத்தம் இயல்பான சராசரியை நோக்கித் திரும்பும்போது, உதவி பெற்ற குழந்தை நஷ்டமடைந்ததுபோலவே தோற்றம் உண்டாகும் என்பது அவர்கள் வாதம். ஒரே கணக்குப் பிசகு ஓரிடத்தில் பயனில்லாத திட்டத்தைப் புகழவும், மற்றோரிடத்தில் பயனுள்ள திட்டத்தைப் பழிக்கவும் துணைபோகிறது. பழிக்கப்படும்போது நிறுத்தப்படுவது குழந்தையின் பாடம் என்பதை நினைக்கையில் மனம் பதறுகிறது. இந்தக் குழந்தைக்கு உதவியே கிடைக்காதிருந்தால் இன்று எந்த நிலையில் இருந்திருக்கும் என்ற கேள்விக்கு ஏதேனும் ஒருவகையில் விடை சொல்லாத எந்த மதிப்பீட்டையும் நான் மதிப்பீடாக ஏற்றுக்கொள்ளத் தயாராயில்லை.

“மதிப்பீடு கடைசியில் நடப்பது.”

பள்ளி முழுவதற்குமான திட்டத்தை வருஷந்தோறும் மதிப்பிட்டு, அதன் முடிவுக்கு ஏற்பத் திட்டத்தைத் திருத்தவும் வேண்டும் என்பதே விதி. தேவைக் கணிப்பில் வருகைக் குறைவே வியாதியென்று கண்டறிந்த பள்ளி, வருஷ இறுதியில் வாசிப்பு மார்க்கை மட்டும் அளந்து திருப்தியடைந்தால், அது தான் கேட்ட கேள்விக்கே விடை தேடவில்லை. ஆகவே எதை அளப்பது என்பது முதல் நாளிலேயே நிச்சயமாகிவிட வேண்டிய விஷயம்.

டைட்டில் ஒன் பள்ளி ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒருமுறையேனும் பெற்றோரைக் கூட்டித் திட்டத்தை விளக்க வேண்டும் என்பதும் சட்டமே. 5 லட்சம் டாலருக்கு மேல் பெறும் பள்ளி வட்டம் அத்தொகையில் நூற்றில் ஒரு பங்கையாவது பெற்றோர் பங்கேற்புக்கென்று ஒதுக்கக் கடமைப்பட்டிருக்கிறது. அந்தக் கூட்டத்தில் படங்களும் வண்ணக் கோடுகளும் காட்டப்படும்போது, எந்தக் குழந்தைகளை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், எவரோடு ஒப்பிட்டீர்கள், சென்ற வருஷத்து மதிப்பீட்டைப் படித்தபின் எதை மாற்றினீர்கள் என்று கேட்க எந்தப் பெற்றோருக்கும் பூரண உரிமை உண்டு.