தங்கவயலுக்கு ஓட்டுநர் இல்லாத வண்டி வேண்டுமா?

கேள்வி: ஐயா, சனி, ஞாயிறு ஆனால் பெங்களூரு கார்கள் எங்கள் ஊரை மொய்க்கின்றன. சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டைப் பார்த்துவிட்டுக் கம்மசந்திரா கோடிலிங்கேஸ்வரர் கோயிலுக்குப் போகிறார்கள். புகையும் தூசியும்தான் எங்களுக்கு மிச்சம். கோரமண்டல் ஸ்டேஷனிலிருந்து, ஜப்பானில் உள்ளதுபோல ஓட்டுநர் இல்லாத மின்சார வண்டி விட்டால் என்ன?
— வாசகர், கோரமண்டல்

பதில்: நீங்கள் சொல்வது எய்ஹெய்ஜியாக இருக்கும். பழைய ஜென் மடம் உள்ள சிற்றூர். 2023 மே மாதம் அங்கே ஆளில்லாமல் வண்டி ஓடத் தொடங்கியது. கைவிடப்பட்ட ரயில் பாதையில் சுமார் 2 கி.மீ. தூரம், தரைக்குள் புதைத்த கம்பியைப் பின்பற்றி, மணிக்கு 12 கி.மீ. வேகம். வேறு கார்களுக்கு அங்கே அனுமதி இல்லை. அப்படியிருந்தும் அதே ஆண்டு அக்டோபரில், ஓரமாக நிறுத்தியிருந்த சைக்கிளில் உரசிவிட்டது. ஆள் ஏறாத சைக்கிளை அடையாளம் காண மென்பொருளுக்குப் பயிற்சி போதவில்லையாம். சில மாதம் சேவை நின்றது.

இனி ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டை நினைத்துப் பாருங்கள். ஷேர் ஆட்டோ, எதிர்த்திசையில் பைக், நடுரோட்டில் அசைபோடும் மாடு! நம் சட்டமும் லைசென்ஸ் உள்ள ஓட்டுநரை வைத்தே எழுதப்பட்டது. ஹைதராபாத் ஐஐடி தன் ஆளில்லா வண்டியை வளாகத்துக்குள் ஓட்டுவதற்கும் காரணம் இருக்கிறது.

எனக்கு இன்னொரு தயக்கமும் உண்டு. ஜப்பானியக் கிராமங்களில் வண்டி ஓட்ட ஆள் கிடைப்பதில்லை. உங்கள் ஊரிலோ 2001 பிப்ரவரியில் தங்கச் சுரங்கம் மூடியதிலிருந்து, வேலைக்காக விடியற்காலை ரயில் பிடித்துப் பெங்களூருக்கு ஓடுகிறார்கள். உள்ளூரில் புதிதாக வரும் ஓட்டுநர் வேலையையும் இயந்திரத்திடம் கொடுப்பானேன்? ஹம்பி விட்டலர் கோயிலுக்குப் பேட்டரி வண்டிதான் போகிறது. உள்ளூர்ப் பெண்களே ஓட்டியிருக்கிறார்கள். அப்படி ஒரு வண்டியைக் கேளுங்கள்.

மின்சாரம் உங்களுக்குப் புதிதல்ல. 1902-லேயே சிவனசமுத்திர நீர்மின் நிலையத்திலிருந்து சுரங்கத்துக்கு வந்தது. ஆனால் அனல்மின் கரண்டில் சார்ஜ் போட்டால் புகை இடம் மாறும், அவ்வளவுதான். ஸ்டேஷன் பக்கம் சோலார் கூரை போட்டுப் பகலில் சார்ஜ் செய்யலாம்.

தூசி விஷயம் வேறு. அது மாவாக அரைத்த தாதுக் கழிவு. பேட்டரி வண்டியானாலும் டயர் பட்டால் பறக்கும். எனவே வண்டி சயனைடு மேட்டுக்கு எட்டவே நிற்கட்டும், பயணிகளையும் ஏறவிடாதீர்கள். முக்கியமாக, ரயில் வரும் நேரத்துக்கு வண்டி தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெங்களூருக்காரர் காரில்தான் வருவார்.