ஏழு நிமிடம்

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

"அஞ்சு மணி நேரம் தறிக்கிட்ட நின்னுட்டு வாரவனுக்கு விடியக்காலம் எந்திருச்சு ஓட்டம் வேற என்னத்துக்குடா? அதுவும் உடம்பு வேலதான, இதுவும் உடம்பு வேலதான?"

சென்ற ஆண்டு என் தாயார் என்னிடம் கேட்ட கேள்வி இது. அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. "போலீஸ் செலக்‌ஷனுக்கும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். ஆனால் கேள்வி மனத்தை விட்டு அகலவில்லை. உழைப்பும் உடற்பயிற்சியும் ஒன்றானால், உழைக்கும் மாணவன் தனியாக ஓட வேண்டியதில்லை. ஒன்றில்லையென்றால், ஏன் ஒன்றில்லை? இயற்பியல் படிப்பவன் இதற்கு விடை தேடாமல் இருக்கலாமா? அந்தத் தேடலே இக்கட்டுரை.

நம் கல்லூரியில் மதியம் மணி அடித்ததும் யார் யார் எங்கே போகிறார்கள் என்று பார்த்தால் போதும், இக்கேள்வி எனக்கு மட்டும் உரியதன்று என்பது விளங்கும். சத்திரப்பட்டிப் பக்கம் விசைத்தறிக் கூடங்களுக்குப் போகிறவர்கள் உண்டு. மருத்துவமனையில் காயத்துக்குச் சுற்றும் பேண்டேஜ் துணி அங்கேதான் நெய்யப்படுகிறது. இராசபாளையத்து நூற்பாலைகளில் ஷிப்டுக்குப் போகிறவர்கள் உண்டு. திருவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடைகளில் விறகடுப்பு முன் நின்று துடுப்புப் போடுகிறவர்களும் உண்டு. இவர்களில் பலருக்குச் சீருடைப் பணி ஒரு கனவு. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில், எழுத்துத் தேர்வில் தேறிய ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள் ஓட வேண்டும். ஏழு நிமிடம் ஒரு விநாடி ஆனாலும் வெளியே வர வேண்டியதுதான். இரவு பகலாகப் படித்த வரலாறும் அறிவியலும் அந்த ஒரு விநாடிக்கு முன் நிற்கமாட்டா.

இனித் தாயாரின் கேள்விக்கு வருவோம்.

இதே கேள்வியை இலண்டன் மாநகரில் ஜெரமி மோரிஸ் என்னும் மருத்துவர் வேறு விதமாகக் கேட்டார். இரண்டு அடுக்குப் பேருந்தில் ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருக்கிறார். நடத்துநர் நாள் முழுதும் படியேறி இறங்குகிறார். இருவரும் ஒரே ஊர், ஏறத்தாழ ஒரே வருவாய். இருவரின் இதயத்திலும் வேறுபாடு இருக்குமா? ஆயிரக்கணக்கான பேருந்துத் தொழிலாளர்களை ஆராய்ந்து 1953 ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் அவர் முடிவை வெளியிட்டார். நடத்துநர்களுக்கு மாரடைப்பு கணிசமாகக் குறைவாக இருந்தது. உடல் அசைவுக்கும் இதய நலத்துக்கும் உள்ள தொடர்பை எண்ணிக்கையால் காட்டிய முதல் ஆய்வுகளுள் இது ஒன்று.

பார்த்தீர்களா, தாயார் சொன்னதுதான் சரி என்று தோன்றும். எனக்கும் அப்படியே தோன்றியது. ஆனால் மோரிஸ் அத்துடன் நிற்கவில்லை. தொழிலாளர்களுக்குத் தைத்துக் கொடுத்த சீருடையின் அளவுக் கணக்கை எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பளவு வேலைக்குச் சேர்ந்த இளம் வயதிலேயே பெரிதாக இருந்தது. ஆகவே வேற்றுமை முழுவதும் படிக்கட்டால் வந்ததென்று சொல்லிவிட முடியாது என்பதை 1956 இல் அவரே எழுதினார். தன் முடிவைத் தானே சந்தேகிக்கும் இந்தப் பண்பை நம் ஆய்வகக் குறிப்பேடுகளில் நான் அதிகம் கண்டதில்லை; என்னுடையதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இதற்கு நேர் எதிரான முடிவொன்று 2018 இல் வந்தது. 17 ஆய்வுகளை, ஏறத்தாழ 1,90,000 பேரின் கணக்கை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, வேலையில் கடும் உடலுழைப்பு உள்ள ஆண்கள், அத்தகைய உழைப்பு இல்லாதவர்களைவிட முன்னதாக இறக்கும் வாய்ப்பு 18 விழுக்காடு கூடுதலாக இருந்தது. ஓய்வு நேரத்தில் ஓடுகிறவனுக்கு நன்மை தரும் அதே அசைவு, கூலிக்கு அசைகிறவனுக்கு ஏன் தரவில்லை?

விடையைப் புத்தகத்தில் தேடுமுன் என் கை நாடியில் தேடினேன். இதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. மணிக்கட்டில் இரு விரலை வைத்துப் பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் போதும். காலையில் படுக்கையில் 64. எட்டுத் தறிகளை மேற்பார்த்துக்கொண்டு, தார் மாற்றி, அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டு நிற்கையில் 92 முதல் 96. மைதானத்தில் கடைசிச் சுற்று முடிந்ததும் 184. இருபது வயதினனின் உச்ச நாடித்துடிப்பு ஏறத்தாழ 200 என்பது பொதுக் கணக்கு. 220 இலிருந்து வயதைக் கழிப்பது. இதயத்துக்கு மிதமான பயிற்சி கிடைக்க அந்த உச்சத்தில் மூன்றில் இரண்டு பங்காவது, அதாவது 130 வரை, துடிப்பு உயர வேண்டும். தறியில் நான் பாதியைக்கூடத் தொடவில்லை.

ஆனால் அந்தப் பாதிக்குக் கீழான நிலை ஐந்து மணி நேரம் நீடிக்கிறது. அதுதான் சூட்சுமம். நின்றபடியே இருந்தால் காலில் இறங்கிய இரத்தம் மேலே ஏற வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து பம்பு போல் அதைத் தள்ளிவிடும். சும்மா நின்றால் அந்தப் பம்பு வேலை செய்வதில்லை. ஓடுகிறவன் இருபது நிமிடம் இதயத்தை விரட்டிவிட்டு அதற்கு ஓய்வு தருகிறான். அந்த ஓய்வில்தான் இதயமும் தசையும் வலுப்பெறுகின்றன. தறியில் நிற்பவனுக்கு விரட்டலும் இல்லை, வேண்டும்போது உட்காரும் உரிமையும் இல்லை. களைப்பு உண்டு, பயிற்சி இல்லை. இதைத் தாயாரிடம் சொன்னேன். "அப்ப தறியில ஓட விடச் சொல்லு" என்றார்கள். தார் சுற்றியே முப்பது ஆண்டு உட்கார்ந்தவர்கள் அவர்கள். அவர்களின் முதுகுவலிக்கு என் கணக்கில் இடமில்லாததை அப்போதுதான் கவனித்தேன்.

சரி, ஓடத்தான் வேண்டும் என்றால் நேரத்துக்கு எங்கே போவது? இங்கே ஒரு மாணவரின் கதை எனக்குப் பெருந்துணையாக இருந்தது. 1954 மே 6 ஆம் நாள் ஆக்ஸ்போர்டு நகரில் ராஜர் பேனிஸ்டர் ஒரு மைல் தூரத்தை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடினார். நான்கு நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓடிய முதல் மனிதர் அவரே. அப்போது அவர் இலண்டனில் மருத்துவ மாணவர். அன்று காலைகூட மருத்துவமனைக்குப் போய்விட்டுத்தான் இரயில் ஏறினார். நாளெல்லாம் பயிற்சி செய்ய அவருக்கு நேரம் ஏது? மதிய உணவு இடைவேளையில் ஓடினார். மைலை நான்காகப் பிரித்தார். கால் மைலை வேகமாக ஓடுவது, இரண்டு நிமிடம் மெல்ல ஓடி இளைப்பாறுவது, மீண்டும் ஓடுவது, இப்படிப் பத்து முறை. கால் மைலுக்கு 66 விநாடி எடுத்தவர் சில மாதங்களில் 59 க்கு வந்தார்.

இந்தக் கணக்கை நான் 1500 மீட்டருக்கு மாற்றினேன். 400 மீட்டர்த் தடத்தில் 1500 மீட்டர் என்பது மூன்றே முக்கால் சுற்று. 420 விநாடியை 3.75 ஆல் வகுத்தால் சுற்றுக்கு 112 விநாடி. ஆகவே பயிற்சியில் ஒரு சுற்றை 104 விநாடியில் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, ஆறு முறை செய்கிறேன். ஓட்டம் 624 விநாடி, இடைவேளை 600 விநாடி. மொத்தம் இருபதரை நிமிடத்துக்கும் குறைவு. உடலைச் சூடேற்றவும் தளர்த்தவும் இருபது நிமிடம். வாரத்தில் மூன்று நாள். மழை பெய்து மைதானம் சேறானால், ஆடிப்பூரத் தேர் ஓடும் ரத வீதிகளில் விடியுமுன் மெல்ல ஓடிவிட்டு வருவேன். பால் வண்டிக்காரர்கள் வழிவிடுவார்கள், நாய்கள் விடமாட்டா.

கூடுதலாக ஓடினால் கூடுதல் பலன் என்று எண்ணி நான் செய்த பிழையையும் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு கட்டணம் கட்ட வேண்டிய நேரத்தில் தறியில் இரவு பன்னிரண்டு மணி வரை கூடுதல் வேலை கிடைத்தது. ஏற்றுக்கொண்டேன். ஓட்டத்தையும் விடவில்லை, தினமும் ஓடினேன். உறக்கம் நாலரை மணி நேரமாயிற்று. ஆறு வாரம் இப்படிப் போயிற்று. 7 நிமிடம் 31 விநாடியாக இருந்த என் நேரம் 7 நிமிடம் 48 ஆயிற்று. ஸ்பெக்ட்ரோமீட்டர்ச் செய்முறையில், முப்பட்டகக் கோணத்தைக் கணக்கிடும்போது இரண்டால் வகுக்க மறந்துவிட்டேன். ஒளிவிலகல் எண் 1.13 என்று வந்தது. அதையும் அழகாகக் கோடிட்டு எழுதிக் கொடுத்தேன். பேராசிரியர் பார்த்துவிட்டு, "தம்பி, தண்ணீருக்கே 1.33. இந்தக் கண்ணாடியை எங்கே வாங்கினீர்கள்?" என்றார். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிக்கவும் தெம்பில்லை.

பதினெட்டு முதல் இருபத்தைந்து வயது வரை உள்ளவர்களுக்கு 7 முதல் 9 மணி நேர உறக்கம் வேண்டும் என்பர் வல்லுநர். ஆழ்ந்த உறக்கத்தில்தான் வளர்ச்சி ஹார்மோன் மிகுதியாகச் சுரந்து தசையைச் சீர்செய்கிறது. பகலில் படித்தது நினைவில் ஊன்றுவதும் உறக்கத்தில்தான். ஓட்டமும் படிப்பும் கடன் வாங்கிய ஒரே பெட்டி அது. அதை நான் தறிக்கு அடகு வைத்திருந்தேன்.

எட்டு மணி உழைப்பு, எட்டு மணி பொழுதுபோக்கு, எட்டு மணி ஓய்வு என்று 1817 இல் இராபர்ட் ஓவன் நாளை மூன்றாக வகுத்தார். 1923 மே முதல் நாள் சென்னையில் சிங்காரவேலர் மே நாள் கண்டார். 1948 இன் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டிற்று. ஆனால் ஓவனின் கணக்கில் மாணவத் தொழிலாளி இல்லை. வகுப்பும் பேருந்தும் ஆறரை மணி, தறி ஐந்து மணி, உறக்கம் ஏழு மணி. மீதியுள்ள ஐந்தரை மணிக்குள் குளியல், சாப்பாடு, வீட்டு வேலை, பாடம், ஓட்டம் எல்லாம் அடங்க வேண்டும். எல்லாம் அடங்குவதில்லை என்பதே உண்மை. நான் இரவு வேலையை விட்டேன். அதனால் கட்டணத்துக்குக் கடன் வாங்க நேர்ந்தது. சினிமாவையும் கிரிக்கெட்டையும் விட்டது பெரிதில்லை. வாசிக்க எடுத்த நாவல்கள் பாதியில் நிற்பதுதான் வருத்தம்.

என் வகுப்புத் தோழியர் நிலை இதனினும் கடினம். தறிக்குப் போகாதவர்க்கும் வீட்டில் அடுப்பு உண்டு, தண்ணீர்க் குடம் உண்டு. விடியற்காலை மைதானத்தில் நாற்பது ஆண்கள் ஓடினால் இரண்டு பெண்கள் ஓடுகிறார்கள், அதுவும் தந்தையோ அண்ணனோ உடன் வந்தால். 400 மீட்டர் ஓட அவர்களுக்கு இரண்டரை நிமிடம் தருகிறது தேர்வு வாரியம். அந்த 400 மீட்டர்த் தடத்துக்கு வந்து சேரவே அவர்களுக்கு வழி வேண்டியிருக்கிறது. காலை ஐந்தரைக்கு மைதானத்தில் ஒரு விளக்கும், உடற்கல்வித் துறையிலிருந்து ஒருவரும் இருந்தால் எண்ணிக்கை மாறும் என்று அவ்விருவரும் சொன்னார்கள். இங்கே எழுதச் சொன்னதும் அவர்களே.

உணவைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. கம்பங்கூழ், ஊற வைத்த நிலக்கடலை, கிடைத்தால் முட்டை. கடையில் வேலை செய்யும் நண்பன் கொடுக்கும் பால்கோவாவை வேண்டாம் என்று சொல்லும் மன உறுதி எனக்கு இன்னும் வரவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நேரம் எடுத்தேன்: 7 நிமிடம் 6 விநாடி. இன்னும் ஆறு விநாடி குறைய வேண்டும். இதற்கிடையே, வேலைக்குப் போகும் நண்பர்கள் பதினொருவர் தத்தம் வேலையிடத்தில் நாடியை எண்ணிக் குறித்துத் தரத் தொடங்கியுள்ளனர். அடுப்படியில் நிற்பவனுக்கு 118 வரை போகிறது; வெக்கைதான் காரணமா என்று பார்க்க வேண்டும். சேர விரும்புவோர் இயற்பியல் ஆய்வகத்தில் என்னிடம் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். என் தாயாரின் எண்ணும் அதில் இருக்கிறது: தார் சுற்றும்போது 88.