படகு பேட்டரி இறங்கினால்: புதுசு வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கிறது; எஞ்சின் அசையவில்லை. படகு வைத்திருக்கும் பலரும் உடனே பேட்டரியைக் கழற்றிக்கொண்டு கடைக்குப் போவார்கள். புதுசு மாட்டியதும் எஞ்சின் கிளம்பிவிடும். சில வாரங்களில் அதுவும் இறங்கிப்போனால் பழி பேட்டரி கம்பெனி மேல் விழும். ஆனால் கோளாறு மூன்று இடங்களில் இருக்கலாம்: பேட்டரி, அதை நிரப்பும் சார்ஜிங் அமைப்பு, இரண்டையும் இணைக்கும் வயரும் டெர்மினலும். உப்புக்காற்றில் கிடக்கும் படகில் மூன்றாவதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கீழே உள்ள அளவுகள் 12 வோல்ட் ஈய-அமில பேட்டரிக்கானவை. லித்தியம் பேட்டரி ஏறக்குறைய காலியாகும் வரை 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். அதன் இருப்பை வோல்டேஜ் பார்த்துச் சொல்ல முடியாது. தனி மானிட்டர் வேண்டும்.

தேவையானவை: டிஜிட்டல் மல்டிமீட்டர், ஸ்பேனர், கம்பி பிரஷ், ஆப்ப சோடா, வாசலின், பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை.

முதலில் பாதுகாப்பு

சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். காற்றில் அது 4 சதவீதம் கலந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். ஆகவே பேட்டரிப் பெட்டியைத் திறந்து காற்றோட விடுங்கள். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வையுங்கள். உள்ளே பெட்ரோல் எஞ்சின் இருந்தால் புளோயரை 4 நிமிடமாவது ஓட விடுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். படகின் அடியில் தேங்கிய கடல்நீர் பேட்டரிக்குள் போயிருந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வரும். அந்த அறையில் நிற்காதீர்கள்.

1. கண்ணாலும் கையாலும் பாருங்கள்

டெர்மினலில் வெள்ளைப் பொடியோ பச்சைக் களிம்போ இருக்கிறதா? வயர் முனையைப் பிடித்து அசைத்தால் ஆடுகிறதா? வயரின் உறையைச் சற்று விலக்கினால் உள்ளே செம்பு கறுத்திருக்கிறதா? களிம்பு பிடித்திருந்தால் கழற்றி, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் துடைத்து, உலோகம் மின்னும் வரை பிரஷ் போட்டு, இறுக்கி மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள். சோடாத் தண்ணீர் செல்லுக்குள் ஒரு சொட்டும் விழக்கூடாது. கையால் திருகும் நட்டுகள் அதிர்வில் தளரும். அவற்றுக்குப் பதில் ஸ்பேனரால் இறுக்கும் நட்டுகளைப் போடுங்கள்.

2. ஓய்வில் அளவிடுங்கள்

சார்ஜரை நிறுத்தி, எல்லா சுவிட்சையும் அணைத்து, சில மணி நேரம் கழித்து அளவிடுங்கள். சார்ஜ் போட்ட சூட்டோடு பார்த்தால் மீட்டர் கூடுதலாகக் காட்டும்.

- 12.6 முதல் 12.7 வரை: நிறைந்திருக்கிறது
- 12.4: முக்கால்
- 12.2: பாதி
- 12.0: கால்
- 11.9-க்குக் கீழ்: காலி

12.4-க்குக் கீழே இருந்தால் முழுதாகச் சார்ஜ் போட்டுவிட்டுத்தான் அடுத்த சோதனை. நிரம்பிய பேட்டரி ஒரு ராத்திரி எதுவும் இணைக்காமல் கிடந்தே 12.4-க்கு இறங்கினால் அதன் ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது. மூடி திறக்கும் பேட்டரி என்றால் ஹைட்ரோமீட்டரால் ஆறு செல்களையும் பாருங்கள். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைந்திருந்தால் அந்த செல் போய்விட்டது.

3. செல்ஃப் அடிக்கும்போது அளவிடுங்கள்

மீட்டரின் முனைகளை பேட்டரியின் ஈயக் கம்பத்திலேயே வைத்துக்கொண்டு, இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள்.

- வோல்டேஜ் 9.6-க்குக் கீழே விழுந்தால்: பேட்டரி பலவீனம். எஞ்சினோ ஸ்டார்ட்டரோ இறுகியிருந்தாலும் இப்படி விழும். எனவே வேறொரு நல்ல பேட்டரியால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.
- 12.5-லேயே நின்றபடி ‘டிக்’ சத்தம் மட்டும் வந்தால்: பேட்டரி நிரபராதி. வயர், சாலினாய்டு, ஸ்டார்ட்டர் இவற்றில் ஒன்றில் தடை.
- சத்தமே இல்லையென்றால்: கியர் நியூட்ரலில் இருக்கிறதா, கில் சுவிட்ச் கயிறு மாட்டியிருக்கிறதா, மெயின் ஃபியூஸ் சரியா என்று பாருங்கள்.

4. எஞ்சின் ஓடும்போது அளவிடுங்கள்

அவுட்போர்டு என்றால் அதன் கால் தண்ணீரில் இருக்கட்டும். ஐட்லிங்கில் சின்ன அவுட்போர்டுகள் அதிகம் சார்ஜ் தராது. நியூட்ரலில் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள்.

- 13.8 முதல் 14.4 வரை: சார்ஜிங் சரி
- எஞ்சின் ஓடாதபோது காட்டிய அதே அளவு: சார்ஜே வரவில்லை
- 15-க்கு மேல்: ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. இப்படியே ஓட்டினால் பேட்டரி கொதித்து வற்றும். ஜிபிஎஸ், ரேடியோவும் தப்பாது.

சார்ஜ் வரவில்லை என்றால், இன்போர்டு எஞ்சினில் முதலில் பெல்ட்டைப் பாருங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு, பெல்ட்டின் நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 1 செ.மீ. இறங்கலாம், அதற்கு மேல் தொய்ந்தால் வழுக்கும். சுற்றிலும் கறுப்புத் தூள் கிடந்தால் வழுக்கிக்கொண்டுதான் இருக்கிறது. அவுட்போர்டில் பெல்ட் இல்லாத எஞ்சின்களே அதிகம். அவற்றில் ஸ்டேட்டர் காயிலையும் ரெக்டிஃபையரையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஒன்று மட்டும் வேண்டாம்: எஞ்சின் ஓடும்போது பேட்டரி சுவிட்சை ஆஃப் செய்வது. போக இடமில்லாத மின்சாரம் ஆல்டர்நேட்டரின் டையோடைச் சுட்டுவிடும்.

5. வழியில் காணாமல்போகும் வோல்டேஜைத் தேடுங்கள்

ஆல்டர்நேட்டரில் 14.3 இருக்கிறது, பேட்டரியில் 13.4தான் வருகிறது என்றால் நடுவில் 0.9 வோல்ட் எங்கோ போகிறது. விளக்கு, பம்ப் எல்லாம் போட்டு எஞ்சினை ஓடவிட்டு, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்நேட்டரின் பாசிட்டிவிலும் மறு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் தடை. ஒவ்வொரு இணைப்பாக நகர்ந்து அளந்தால், எங்கே எண் குதிக்கிறதோ அந்த இணைப்புதான் குற்றவாளி. நெகட்டிவ் பக்கமும் இதையே செய்யுங்கள். இரண்டு பேட்டரிகளைப் பிரிக்கும் பழைய டையோடு ஐசொலேட்டர் இருந்தால் அதுவே 0.6 வோல்ட்டுக்கு மேல் தின்னும்.

வயர் மாற்றும்போது வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியே போடுங்கள். வீட்டுக்கு ஓட்டும் வயர் உப்புக்காற்றில் சீக்கிரம் கறுத்துவிடும்.

6. சும்மா நிற்கும்போது யார் குடிக்கிறார்கள்?

படகை விட்டுப் போய் ஒரு வாரம் கழித்து வந்தால் மட்டும் பேட்டரி காலியாக இருக்கிறதா? எல்லாவற்றையும் அணைத்து, நெகட்டிவ் வயரைக் கழற்றி, அதற்கும் நெகட்டிவ் கம்பத்துக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணையுங்கள். இந்த நிலையில் செல்ஃப் அடிக்கவே கூடாது; மீட்டர் போய்விடும்.

0.05 ஆம்பியருக்குள் இருந்தால் பரவாயில்லை. 0.5 காட்டினால் நாளொன்றுக்கு 12 ஆம்பியர்-அவர் போகிறது. 100 ஆம்பியர்-அவர் பேட்டரி நான்கே நாளில் பாதியாகும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் சரிகிறதோ அந்த லைனில்தான் கசிவு. எல்லாவற்றையும் பிடுங்கியும் சரியவில்லையென்றால் ஆல்டர்நேட்டர் வயரைக் கழற்றிப் பாருங்கள். டையோடு கசிந்தால் அப்போது தெரியும்.

பில்ஜ் பம்பைத் தனியாகக் கவனியுங்கள். மெயின் சுவிட்சை அணைத்தாலும் ஓட வேண்டும் என்பதற்காக அதை நேரே பேட்டரியில் இணைத்திருப்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கிலோ குப்பையிலோ மிதவை சுவிட்ச் மேலேயே மாட்டிக்கொண்டால், தண்ணீர் இல்லாமலும் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும். மிதவையைச் சுத்தம் செய்யுங்கள். வயரை மட்டும் பிடுங்காதீர்கள். பிறகு மழைத் தண்ணீர் படகை மூழ்கடிக்கும்.

7. இரண்டு பேட்டரி இருந்தால்

நங்கூரமிட்டு விளக்கும் பாட்டும் போடும்போது சுவிட்சை இரண்டும் சேரும் நிலையில் விட்டால் இரண்டுமே இறங்கும். ஸ்டார்ட்டருக்கான பேட்டரியை எப்போதும் தனியே காப்பாற்றுங்கள். தானியங்கி ரிலே இருந்தால், எஞ்சின் ஓடும்போது இரண்டையும் அளவிடுங்கள். ஒன்று 14-ம் மற்றது 12.6-ம் காட்டினால் ரிலே இணைக்கவில்லை.

8. இப்போது முடிவு செய்யலாம்

இணைப்புகள் சுத்தம், சார்ஜிங் சரி, கசிவு இல்லை. ஆனாலும் முழுச் சார்ஜ் போட்ட பேட்டரி செல்ஃப் அடிக்கையில் 9.6-க்குக் கீழே விழுகிறது, நல்ல பேட்டரி வைத்தால் விழவில்லை என்றால், தயங்காமல் புதுசு வாங்குங்கள். எஞ்சின் கையேட்டில் சொன்ன ஸ்டார்ட்டிங் ஆம்பியருக்குக் குறையாததைக் கேளுங்கள். மாட்டிய அன்றே ஓய்வு, செல்ஃப், ஓட்டம் ஆகிய மூன்று அளவுகளையும் தேதியோடு பெட்டி மூடியில் எழுதி ஒட்டுங்கள். மாதம் ஒருமுறை அளந்து ஒப்பிட்டால், அடுத்த கோளாறு கரையில் இருக்கும்போதே பிடிபடும்.