தொழுவத்தின் கணக்கு

நுழையும்முன்

மாட்டுச் சாணத்திலிருந்து எரிவாயு பெறலாம் என்பது பலரும் அறிந்த செய்தி. அவ்வாறு பெறுவது ஓர் உழவர் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகுமா என்பது வேறொரு வினா. முதலாவதற்கு அறிவியல் விடை தந்துவிட்டது. இரண்டாவதற்கான விடை மாடுகளின் எண்ணிக்கை, நீர், உழைப்பு, சந்தை விலை ஆகியவற்றைப் பொறுத்து வீட்டுக்கு வீடு மாறும். அக்கணக்கை விழுப்புரம் வட்டாரத்தின் சூழலில் வைத்து ஆராய்வது இப்பாடம்.

ஊரும் எரிபொருளும்

விழுப்புரம் மாவட்டத்துப் பனமலை, வரலாறு பயில்வோர் அறிந்த ஊர். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராசசிம்மப் பல்லவன் அங்குள்ள குன்றின்மேல் எழுப்பிய தாளகிரீசுவரர் கோவிலும், அக்கோவில் சுவரில் எஞ்சியுள்ள பார்வதியின் ஓவியமும் அறிஞர் பலரை அவ்வூருக்கு அழைத்து வந்துள்ளன. குன்றின் அடியில் ஏரி. ஏரியை நம்பிய வயல்கள். நீர் நிறைந்த ஆண்டில் நெல்லும் கரும்பும், குறைந்த ஆண்டில் உளுந்தும், இவ்வட்டார மக்கள் மல்லாட்டை என்றழைக்கும் நிலக்கடலையும் விளையும் மண் இது. விழுப்புரம், திண்டிவனம் சுற்றுப்புறச் சிற்றூர்களில் உழவும் கறவையும் பிரியாதவை. ஏர்மாடுகள் குறைந்து டிராக்டர் வந்துவிட்ட பின்னும் பால்மாடு தொழுவத்தை விட்டு அகலவில்லை.

அத்தொழுவத்தின் சாணத்துக்குக் காலங்காலமாக இரண்டு வழிகள் இருந்து வந்துள்ளன. ஒன்று எருக்குழிக்குச் செல்லும். மற்றொன்று வறட்டியாகி அடுப்புக்குச் செல்லும். அடுப்புக்குச் சென்றது வயலுக்குத் திரும்புவதில்லை. சாம்பல் மட்டுமே திரும்பும். சாணத்தில் இருந்த தழைச்சத்து புகையோடு போய்விடும். நிலைத்த பொருளியல் குறித்துச் சிந்தித்த தமிழரான ஜே.சி. குமரப்பா, மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்ப வேண்டும் என்பதைச் சிற்றூர்ப் பொருளாதாரத்தின் அடிப்படையாகக் கருதினார். அடுப்பா, வயலா என்னும் இந்த இழுபறியைத் தீர்க்கும் மூன்றாவது வழியாகவே சாண எரிவாயு முன்வைக்கப்பட்டது.

கலனுக்குள் நிகழ்வது

சாணத்தையும் அதே அளவு நீரையும் கலந்து, காற்றுப் புகாத கலனுக்குள் செலுத்தினால், உயிர்வளியின்றி வாழும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கத் தொடங்கும். அச்சிதைவில் வெளிப்படும் வாயுவில் 55 முதல் 65 விழுக்காடு வரை மீத்தேன். எஞ்சியதில் பெரும்பகுதி கரியமிலவாயு. சிறிதளவு கந்தக வாயுவும் உண்டு. அதுவே இரும்பை அரிப்பது. எரிவது மீத்தேன் மட்டுமே.

இந்நுண்ணுயிர்கள் வெப்பத்தை விரும்புபவை. ஏறத்தாழ 35 பாகை செல்சியசில் அவை நன்கு செயற்படும். 15 பாகைக்குக் கீழே சோர்ந்துவிடும். ஆகவே, குளிர் மிகுந்த வடபுல மலைப்பகுதிகளில் சாணக்கரைசல் 55 நாள் கலனில் தங்க வேண்டியிருக்க, தமிழ்நாட்டில் 30 நாளே போதும் எனக் கொண்டு கலன்கள் வடிவமைக்கப்படுகின்றன. தங்கும் நாள் குறைந்தால் கலன் சிறிதாகும். கலன் சிறிதானால் செலவு குறையும். வாட்டும் வெயில் என்று நொந்துகொள்ளப்படும் விழுப்புரத்துக் கோடை, இந்த ஒரு தொழிலுக்கு மட்டும் முதலீடாக அமைந்துவிடுகிறது.

இந்தியாவில் இம்முயற்சி பழையது. பம்பாய் மாதுங்காவில் இருந்த தொழுநோயர் இல்லத்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே கழிவிலிருந்து வாயு பெறப்பட்டது. 1950களில் ஜஷ்பாய் பட்டேல் வகுத்த மிதக்கும் கொப்பரை அமைப்பைக் காதி கிராமத்தொழில் ஆணையம் 1960களில் நாடெங்கும் பரப்பியது. வாயு சேரச்சேர இரும்புக் கொப்பரை மேலெழும். செலவாகச் செலவாகக் கீழிறங்கும். எவ்வளவு வாயு இருக்கிறது என்பதைக் கண்ணாலேயே அறியலாம். ஆனால், அவ்விரும்புக் கொப்பரையே கலனின் விலையில் பெரும்பங்கைத் தின்றது. துருப்பிடித்து மீண்டும் செலவு வைத்தது. 1978இல் உத்தரப்பிரதேசத்தின் அஜித்மல் ஆய்வு நிலையத்தில் உருவான ஜனதா அமைப்பில் இரும்புக்கு இடமில்லை. செங்கல்லாலான நிலைத்த கூம்புமாடமே வாயுவைத் தாங்கியது. அதை மேலும் சிக்கனமாக்கி, 1984இல் அஃப்ரோ என்னும் தொண்டு நிறுவனம் தீனபந்து அமைப்பை அளித்தது. எளியோரின் உறவினன் என்பது அப்பெயரின் பொருள். இம்மூன்று அமைப்புகளின் வரலாறும் ஏறக்குறையச் செலவைக் குறைப்பதற்கான போராட்டத்தின் வரலாறே எனலாம்.

வறட்டியும் வாயுவும்

ஒரே அளவு சாணம் இரு வழிகளில் தரும் பயனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 25 கிலோ பச்சைச் சாணம் காய்ந்தால் ஏறத்தாழ 5 கிலோ வறட்டியாகும். ஒரு கிலோ வறட்டியின் வெப்பத்திறன் சுமார் 2,100 கிலோகலோரி; ஆக மொத்தம் 10,500. ஆனால், திறந்த மண்ணடுப்பில் பத்தில் ஒரு பங்கே பாத்திரத்தைச் சேரும். எஞ்சுவது 1,050 கிலோகலோரி.

அதே 25 கிலோ சாணம் கலனில் ஒரு கனமீட்டர் வாயு தரும். அதன் வெப்பத்திறன் சுமார் 4,700 கிலோகலோரி. முதற்பார்வைக்கு இது வறட்டியினுடையதில் பாதிக்கும் குறைவு. எனினும், வாயு அடுப்பின் திறன் ஏறத்தாழ 55 விழுக்காடு என்பதால் பாத்திரத்தைச் சேர்வது ஏறக்குறைய 2,585 கிலோகலோரி. அதாவது, வறட்டி தந்ததைப் போல் இரண்டரை மடங்கு. அதற்கு மேலும் கலனிலிருந்து வழியும் சாணக்குழம்பு தழைச்சத்தை இழக்காமல் வயலுக்குச் செல்லக் காத்திருக்கும்.

மூன்று மாடுகளின் கணக்கு

ஒருவருக்குச் சமைக்க நாளொன்றுக்குச் சுமார் கால் கனமீட்டர் வாயு வேண்டும். ஐவர் கொண்ட குடும்பத்துக்கு ஒன்றேகால் கனமீட்டர். அதற்கு 30 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட சாணம். கொட்டிலில் கட்டித் தீனி போடப்படும் மாடு நாளொன்றுக்கு 10 கிலோ சாணம் தரும் எனக் கொண்டால், மூன்று மாடுகளாவது தேவை. மேய்ச்சலுக்குச் செல்லும் மாடாயின் சாணத்தில் பெரும்பகுதி மேய்ச்சல் நிலத்திலேயே விழுந்துவிடும். அப்போது நான்கோ ஐந்தோ வேண்டும். ஒற்றைக் கறவையோடு வாழும் குடும்பம் இவ்வாயிலிலேயே நின்றுவிடுகிறது.

ஒரு கனமீட்டர் சாண எரிவாயு, ஏறத்தாழ 0.45 கிலோ சமையல் எரிவாயுவுக்கு ஈடாகும். ஆகவே, மேற்சொன்ன குடும்பம் மாதந்தோறும் 14.2 கிலோ உருளை ஒன்றையேனும் மிச்சப்படுத்தலாம். உருளையின் விலை 850 ரூபாய் என்றும், கலன் கட்ட 40,000 ரூபாய் ஆகும் என்றும் வைத்துக்கொண்டால், ஆண்டுச் சேமிப்பு 10,200 ரூபாய். நான்கு ஆண்டுகளில் முதல் திரும்பிவிடும். அரசு மானியம் கிடைத்தால் இன்னும் விரைவில். ஒழுங்காகக் கட்டிப் பேணப்பட்ட கலன் இருபது ஆண்டு உழைக்கும் என்பதால் இது நல்ல முதலீடே.

ஆனால், அக்குடும்பம் உருளைக்குப் பதிலாக வேலிகாத்தான் முள்ளை வெட்டியெடுத்து எரித்து வந்தது என்றால் கணக்கு தலைகீழாகும். காசு கொடுத்து வாங்காத விறகை மிச்சப்படுத்துவதால் கையில் காசு சேர்வதில்லை. குறைவது விறகு சுமந்த தலையின் பாரமும் அடுப்பூதிய கண்ணின் எரிச்சலும் நுரையீரலில் படிந்த புகையும்தான். இவை பெரும்பாலும் பெண்களைச் சேர்ந்தவை. கலனுக்குக் கடன் வாங்கும் முடிவோ பெரும்பாலான வீடுகளில் ஆண்களைச் சேர்ந்தது. புகையின் விலையை எந்தப் பேரேட்டிலும் எழுதாததால், மிகப் பெரிய ஆதாயம் கணக்கிலிருந்தே விடுபட்டுப்போகிறது.

உழைப்பும் நீரும் மறுபக்கத்தில் எழுதப்பட வேண்டியவை. நாள்தோறும் 30 கிலோ சாணத்தை 30 லிட்டர் நீரில் கட்டியின்றிக் கரைத்து ஊற்ற வேண்டும்; வைக்கோல் துணுக்கும் மண்ணும் சேராமல் பார்க்க வேண்டும். ஏரி வற்றிய சித்திரை, வைகாசியில், குடிநீருக்கே குடம் வரிசையில் நிற்கும் தெருவில், கலனுக்கென்று இரண்டு குடம் நீரை ஒதுக்குவது சிறிய செயலன்று. அந்த மாதங்களில் கைவிடப்படும் கலன், மழைக்காலத்தில் மீண்டும் உயிர்பெறுவது அரிது.

யூரியா மூட்டையின் விலை

சாணக்குழம்பின் மதிப்பைக் கணக்கிடும்போது வியப்பான ஓர் உண்மை வெளிப்படும். நாளொன்றுக்கு 30 கிலோ பச்சைச் சாணத்தில் 6 கிலோ உலர்பொருள் உண்டு. அதில் ஒன்றரை விழுக்காடு தழைச்சத்து எனில் 90 கிராம். ஆண்டுக்கு ஏறத்தாழ 33 கிலோ. யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து இருப்பதால் இது சுமார் 70 கிலோ யூரியாவுக்குச் சமம். 45 கிலோ யூரியா மூட்டையோ மானியத்தின் பயனால் ஏறத்தாழ 267 ரூபாய்க்கு விற்கப்படுகிறது. ஆக, ஓராண்டுக் குழம்பின் தழைச்சத்து, கடைவிலைப்படி 420 ரூபாய்க்குள் அடங்கிவிடும்!

குழம்பின் உண்மையான மதிப்பு இவ்வளவு குறைவா? இல்லை. அதிலுள்ள மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மண்ணை உயிர்ப்பிக்கும் மட்கும் இக்கணக்கில் சேரவில்லை. யூரியாவின் உற்பத்திச் செலவில் பெரும்பகுதியை அரசு ஏற்பதால், அதனோடு நிற்கும் எந்த உரமும் மலிவாகவே தோன்றும். அடுப்புப் பக்கமும் இதே நிலைதான். தமிழ்நாட்டில் 2006க்குப் பின் வழங்கப்பட்ட இலவச எரிவாயு அடுப்புகளும், 2016இல் நடுவண் அரசு தொடங்கிய உஜ்வலா திட்டமும் புகையில்லா அடுப்பை ஏழை வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தன, அது பெரும்பேறு. அதனோடு சாண எரிவாயுவின் போட்டியும் கடுமையாயிற்று. ஆகவே, சாண எரிவாயு கட்டுப்படியாகாது என்று கூறுவோர், எந்த மானியங்களோடு ஒப்பிட்டு அவ்வாறு கூறுகின்றனர் என்பதையும் சேர்த்துக் கூறுதல் நேர்மை.

தெரிந்து தெளிவோம்
1981-82இல் தேசிய எரிவாயு வளர்ச்சித் திட்டம் தொடங்கியது முதல் இந்தியாவில் ஏறத்தாழ 50 இலட்சம் குடும்பக் கலன்கள் கட்டப்பட்டுள்ளன. கட்டப்பட்டவை அனைத்தும் இயங்கவில்லை. 1992இல் நேபாளம் தொடங்கிய திட்டத்தில், கட்டித் தரும் நிறுவனமே பின்னர்ப் பழுதுபார்க்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டியிருந்தது.

சாணம் யாருடையது?

தெருவிலும் மேய்ச்சல் நிலத்திலும் விழும் சாணம் பொறுக்குவோர்க்கு உரியது என்பது சிற்றூர்களின் எழுதப்படாத வழக்கம். மாடும் நிலமும் இல்லாத குடும்பங்கள் அதைக் கூடையில் சேர்த்து வறட்டி தட்டி, தம் அடுப்பையும் எரித்தன. சிறிது விற்கவும் செய்தன. சாண எரிவாயு பரவத் தொடங்கிய 1970களிலேயே பொருளியலார் சிலர் ஓர் எச்சரிக்கையை எழுப்பினர்: ஐந்து மாடு உடையவர் கலன் கட்டினால், விலையற்றிருந்த சாணத்துக்கு விலை வந்துவிடும், விலை வந்த பொருளை உரியவர் கூடைக்காரருக்கு விடமாட்டார். ஒரு வீட்டின் அடுப்பு சுடர்விட, மற்றொரு வீட்டின் அடுப்பு அணையும்.

இச்சிக்கலுக்கு விடை தேடியவர்களுள் குறிப்பிடத்தக்கவர், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அமுல்ய குமார் என். ரெட்டி. அவரும் அவருடைய குழுவினரும் கருநாடகத்தின் தும்கூர் மாவட்டம், குனிகல் வட்டத்திலுள்ள பூரா என்னும் சிற்றூரில் ஊர்ப்பொதுக் கலன் அமைத்தனர். அனைவர் வீட்டுக்கும் சமையல் வாயு என்பதே முதல் நோக்கம். ஊரின் மாடுகள் அனைத்தும் சேர்ந்தாலும் அதற்குப் போதிய சாணம் இல்லை என்பது விரைவில் விளங்கியது. பலர் அங்கேயே நின்றிருப்பர். பூராவிலோ வினாவே மாற்றப்பட்டது. இருக்கும் வாயுவால் ஊருக்கு மிகுந்த நன்மை எது? நீர், விளக்கு என்று விடை வந்தது. 1980களின் பிற்பகுதியிலிருந்து வாயுவும் சிறிதளவு டீசலும் கலந்து ஓடிய சிறு எந்திரம் மின்னாக்கம் செய்தது. ஆழ்துளைக் கிணற்று நீர் தெருக்குழாய்களுக்கு வந்தது, வீடுகளில் விளக்கெரிந்தது.

சாணம் கொணர்ந்தவர்க்கு எடைக்கேற்ற சிறு கூலியும், எடைக்கேற்ற குழம்பும் திருப்பித் தரப்பட்டன. கொண்டு வந்து சேர்த்தவர்களுள் பெண்களும் சிறுவர்களும் மிகுதி. எனவே, கூலி அவர்கள் கையைச் சேர்ந்தது. உரம் உரியவரின் வயலைச் சேர்ந்தது. நீர், மாடுள்ள வீடு, இல்லாத வீடு என்று பாராமல் எல்லார் குடத்தையும் சேர்ந்தது. பணக்கணக்கில் பேரிலாபம் இல்லாத அவ்வமைப்பு பல ஆண்டுகள் இயங்கியதற்கு, இந்தப் பங்கீட்டை விட வலுவான காரணம் வேறெதையும் சொல்ல முடியாது.

ஆலைக்கசடு

விழுப்புரம் மாவட்டத்துக்குத் தொழுவத்தை விடப் பெரிய மூலப்பொருள் ஒன்றும் உண்டு. முண்டியம்பாக்கம், பெரியசெவலை முதலிய இடங்களின் சர்க்கரை ஆலைகள் கரும்புச்சாற்றைத் தெளியவைக்கும்போது, உழவர்கள் பிரஸ்மட் என்று குறிப்பிடும் கசடு எஞ்சும். பிழியப்படும் கரும்பின் எடையில் அது 3 முதல் 4 விழுக்காடு. நாளொன்றுக்கு 2,500 டன் கரும்பு பிழியும் ஆலையில் ஏறத்தாழ 85 டன் கசடு கிடைக்கும். 25 டன் கசடு, தூய்மையாக்கி அழுத்தப்பட்ட எரிவாயுவாக ஒரு டன் தரும் என்னும் கணிப்பின்படி, நாளுக்கு 3 டன்னுக்கு மேல் வாகன எரிபொருள் பெறலாம். 2018 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய சதத் திட்டம், இத்தகைய வாயுவை எண்ணெய் நிறுவனங்கள் கிலோ 46 ரூபாய்க்கு வாங்கிக்கொள்ளும் என்ற உறுதியோடு வந்தது. நாமக்கல் மாவட்டம் புதுச்சத்திரத்தில் அத்தகைய ஆலை செயற்பாட்டுக்கும் வந்தது.

இங்கும் தடைகள் உண்டு. ஆலை ஆண்டில் சில மாதங்களே கரும்பு பிழியும். சேமித்து வைத்த கசடோ வாயுத்திறனை இழந்துகொண்டே போகும். எனவே, எஞ்சிய மாதங்களுக்குக் கோழி எருவோ காய்கறிக் கழிவோ தேட வேண்டும். அவற்றைத் தொலைவிலிருந்து ஏற்றிவரும் லாரிச் செலவு, வாயுவின் ஆதாயத்தை விழுங்கிவிடக்கூடும். அத்துடன், கசடு இதுகாறும் வீணே கிடந்த பொருளன்று. கரும்பு உழவர்கள் குறைந்த விலைக்கு அதை வாங்கி நிலத்துக்கு இட்டு வந்தனர். வாயு எடுத்தபின் எஞ்சும் உரம் அதே உழவருக்கு அதே விலையில் கிடைக்குமா, மூட்டையிட்டு வேறு சந்தைக்குச் செல்லுமா என்பது, ஆலையும் வாயு நிறுவனமும் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தின் ஒரு விதியைப் பொறுத்தது.