கூதிர்ப் பருவமும் பாய்ப்படகும்

தமிழ் முன்னோர் ஓராண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்தது கூதிர்ப் பருவம் எனப்படும். குளிர்நாட்டார் இலையுதிர் காலம் என வழங்கும் பருவம் ஏறக்குறைய இதனோடு ஒத்து வருவதாம். இப்பருவத்தில் பாய்ப்படகுக் கழகத்தார் செய்யத்தக்க தொழில்கள் யாவை, அவர்தம் கூட்டங்கள் எத்தன்மையனவாய் இருத்தல் வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை எழுத நேர்ந்த காரணத்தை முதற்கண் கூறுதல் முறையாம். நம் மாணவ நண்பர் சிலர், கடலூர் உப்பனாற்றிலும் சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரம் கழியிலும் பாய்ப்படகு செலுத்திப் பழகுதற்கு ஒரு கழகம் காண விரும்பி எம்மை அணுகினர். தேர்வு முடிந்து விடுமுறை வரும் ஐப்பசித் திங்களிலேயே முதற் படகினை நீரில் இறக்கிவிடலாம் என்பது அவர்தம் கருத்து. அவ்வார்வத்தை யாம் மிகவும் போற்றினோம். ஆயினும், குறித்த மாதத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுமாறு வேண்டினோம். சிலர் முகம் வாடிற்று. அச்சமே இதற்குக் காரணம் என எண்ணினாரும் உளர். அஃது அச்சமன்று, அறிவே என்பதை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

பிறவிடத்துக் கழகங்கள்

பாய்ப்படகுக் கழகங்களுள் மிகத் தொன்மையானதாகக் கூறப்படுவது அயர்லாந்து தேசத்துக் கார்க் துறைமுகத்தில் 1720-ஆம் ஆண்டு தோன்றியதாகும். நம் நாட்டில் பம்பாய்க் கழகம் 1846-இலும், சென்னைக் கழகம் 1911-இலும் எழுந்தன. சென்னைக் கழகத்தைத் தோற்றுவித்தவர் துறைமுகத் தலைவராயிருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்னும் பொறியியலறிஞர். கணித மேதை இராமானுஜன் அத்துறைமுக அலுவலகத்தில் எழுத்தராய் இருந்த காலத்து, அவருக்கு ஆதரவு நல்கிய பெருந்தகையும் இவரே ஆவர்.

இங்கிலாந்து, அயர்லாந்து முதலிய நாடுகளில் இலையுதிர் காலம் வந்ததும் கழகத்தார் ஆண்டின் இறுதிப் பந்தயத்தை நடத்துவர். பின்னர்ப் படகுகளைக் கரையேற்றுவர். பாய்களை நன்னீரில் அலசி உலர்த்தி மடித்து வைப்பர். அதன்பின் அனைவரும் ஒருங்கு கூடி விருந்துண்டு, வென்றார்க்குப் பரிசளிப்பர். குளிர்காலம் முழுதும் முடிச்சுப் போடுதல், கடற்படம் பார்த்தல் முதலியன கற்பிக்கும் வகுப்புகள் நடைபெறும். பம்பாயிலோ நிலைமை நேர்மாறு. ஆனி முதல் கரையில் கிடந்த படகுகள், தென்மேற்குப் பருவமழை ஓய்ந்தபின், இக்காலத்திலேதான் மீண்டும் நீரில் இறங்கும். பருவம் ஒன்றே, ஓரிடத்தில் அது முடிவு, மற்றோரிடத்தில் தொடக்கம். ஆகவே, கழகத்தின் ஆண்டுக் கணக்கை வகுப்பது பஞ்சாங்கமுமன்று, கல்லூரி விடுமுறையுமன்று. காற்றே என்பது பெறப்படும்.

காற்றும் கரையும்

பாய்ப்படகு காற்றுக்கு நேரெதிரே செல்லாது. காற்று வரும் திசைக்கு ஏறக்குறைய 45 பாகை விலகியே அதனால் முன்னேற இயலும். எதிர்க்காற்றில் செல்ல வேண்டுமாயின், வலமும் இடமுமாக மாறி மாறிச் சாய்ந்து செல்லுதல் வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் அலையானது படகைச் சிறிது பின்னே தள்ளும். காற்று கடலினின்று கரை நோக்கி வீசுங்கால், இத்தள்ளுதல் அனைத்தும் படகைக் கரைமேல் மோதுவிக்கும் வழியே ஆகும். கடலோடிகள் பெரிதும் அஞ்சுவது நடுக்கடலையன்று. இங்ஙனம் காற்றுக்குக் கீழாக நிற்கும் கரையினையே.

தென்மேற்குப் பருவக்காற்று மேலைக் கரைமேல் மோதுவது போல, வடகிழக்குப் பருவக்காற்று நம் சோழமண்டலக் கரைமேல் மோதுகின்றது. கடலூர்க் கரை கிழக்கு நோக்கியது. காற்றை மறைக்கும் முனையோ மலையோ அதற்கு இல்லை. வாடையும் கொண்டலும் கலந்து வீசும் ஐப்பசியில், கரையை விட்டுப் புறப்படும் சிறு பாய்ப்படகு மீளும் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது எனலாம்.

ஆற்று முகத்தில் இன்னுமோர் இடருண்டு. தமிழ்நாடு ஓராண்டிற் பெறும் மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று திங்களிற் பெய்கின்றது. அப்போது கெடிலமும் பெண்ணையும் வெள்ளாறும் பெருக்கெடுத்துக் கடல் நோக்கி விரையும்; கடலலையோ கரை நோக்கி வரும். இரண்டும் எதிர்ப்படும் முகத்துவாரத்தில் அலைகள் உயர்ந்து உடையும்; மணல் திட்டுகள் நாள்தோறும் இடம் மாறும். நேற்றுச் சென்ற வழி இன்று இராது. கழி அமைதியானது என எண்ணிப் புகுவோரும், நீரோட்டம் இழுப்பின், இம்முகத்துவாரத்திலேயே சென்று சேர்வர்.

வரலாறு கூறுவது

இவ்வுண்மையைப் பெருங்கப்பற்படைகளும் விலை கொடுத்தே கற்றன. 1746-ஆம் ஆண்டு சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லபோர்தொனே, வென்ற நகரின் முன்னே தன் கப்பல்களை நிறுத்தியிருந்தான். அக்டோபர் மாதத்தில் ஓரிரவு எழுந்த புயல் அவற்றுட் பலவற்றை அழித்தது; பகைவரால் ஆகாதது காற்றால் ஆயிற்று. சென்னை வீழ்ந்தபின் ஆங்கிலேயர்க்குத் தலைமையிடமாய் விளங்கியது கடலூரின் வடபால் தேவனாம்பட்டினத்திலுள்ள செயிண்ட் டேவிட் கோட்டை. அதனை அடுத்த கடலில், 1749-ஆம் ஆண்டு ஏப்ரலில், பாஸ்கவென் என்னும் தளபதியின் முதன்மைக் கப்பலாகிய நேமூர் புயலிற் சிக்கி ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட மாலுமிகளோடு மூழ்கிற்று. தளபதி அன்று கரையில் இருந்தமையின் உயிர் தப்பினார். வங்கக் கடலில் புயற்பருவம் கூதிர் ஒன்றேயன்று, இளவேனிலும் உண்டு என்பது இதனால் விளங்கும்.

பின்னர் வந்தோர் இப்பாடத்தை மறந்திலர். 1782-ஆம் ஆண்டு அக்டோபரில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் கடலூரை விட்டுச் சுமத்ராவின் அச்சே துறைக்குச் சென்றார். அவரொடு பொருத ஆங்கிலத் தளபதி ஹியூஸ் பம்பாய்க்கு ஏகினார். ஒருவரையொருவர் அஞ்சாது அவ்வாண்டு முழுதும் பொருத இருவரும், கூதிர் வந்ததும் இக்கரையை விட்டு விலகினர். அவரைக் கோழையர் என எவரும் கூறார்.

கட்டுமரம் கற்பிப்பது

நம் பரதவர் இதனை நூல் வழியாகவன்றித் தலைமுறை வழியாகக் கற்றனர். இலேசான மரங்களைக் கயிற்றாற் பிணித்துச் செய்வது கட்டுமரம். அதில் ஆணி இல்லை. அலை மேலே ஏறினும் மரங்களின் இடைவெளி வழியே நீர் வடிந்துவிடுதலால் அது மூழ்குவதில்லை. கரை சேர்ந்ததும் கட்டினை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே வெயிலில் உலர்த்துவர். நீர் ஊறின் மரம் கனத்துப் போமன்றோ? ஆகவே, கடலுக்குச் செல்லுதலும் கட்டவிழ்த்து ஓய்தலும் அத்தொழிலில் இரண்டறக் கலந்தன.

ஆங்கிலக் கடலோடி டாம்பியர் 1697-இல் வெளியிட்ட தம் பயண நூலில் இக்கரைக் கட்டுமரத்தைக் குறித்துள்ளார். அச்சொல் பின்னர் ஐரோப்பிய மொழிகளிற் புகுந்து, இரண்டு உடல்களை இணைத்துச் செய்யும் படகினுக்கு வழங்குவதாயிற்று. 1876-இல் ஹெரெஷாஃப் என்னும் அமெரிக்கர் அத்தகைய படகொன்றைச் செய்து நியூயார்க் பந்தயத்தில் மற்றப் படகுகளை எளிதில் முந்தினார். இன்று உலகெங்கும் பாய்ப்படகுக் கழகங்களில் அப்பெயர் ஒலிக்கின்றது. பெயர் ஈந்த கரையிலோ பாய் அருகிவிட்டது. இயந்திரம் வந்தது, 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் நேர்ந்த ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகிக் கட்டுமரத்தின் இடத்தைக் கொண்டன. இதனால் மீனவர்தம் உழைப்புக் குறைந்தது நன்றே. ஆனால், காற்றைக் கண்டு பாயை விரிக்கவும் சுருக்கவும் அறிந்த முதியோர் ஒவ்வொருவராய் மறைய, அவ்வறிவும் உடன் மறைகின்றது. மாணவர் கழகம் வேண்டும் என்று யாம் விரும்புவதற்கு இதுவே தலையாய காரணம்.

எச்சரிக்கைக் கூண்டு

கடலூர்த் துறைமுகத்தில் ஏற்றப்பெறும் புயல் எச்சரிக்கைக் கூண்டினைப் பற்றிச் செய்தித்தாள்களிற் படித்திருப்பீர்கள். அதன் எண்களின் பொருளைச் சிலரே அறிவர். முதலிரண்டு எண்கள் தொலைக்கடலில் எழுந்த குறியை உணர்த்தும். மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கே வரக்கூடிய இடரை அறிவிக்கும். ஐந்து முதல் ஏழு வரை ஆபத்து. எட்டு முதல் பத்து வரை பேராபத்து. பதினொன்று, வானிலை நிலையத்தோடு தொடர்பே அற்றது என்பதாம். பகலில் வடிவங்களாலும் இரவில் செவ்விளக்கு வெள்விளக்குகளாலும் இவை காட்டப்பெறும்.

கூண்டு இருந்தும் கேடு நேர்வதுண்டு. 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் விரைந்து வலுத்தபோது, கன்னியாகுமரிப் பகுதி மீனவர் பலர் முன்னரே ஆழ்கடலில் இருந்தனர். கரையில் விடுத்த எச்சரிக்கை அவரை எட்டவில்லை, மீளாதார் பலர். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்து, பண்ணுருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. கூதிர் கழிந்து மார்கழி பிறந்தபின்னும் கடல் அமைந்துவிட்டது என நம்புதல் கூடாது என்பது இதன் பாடம்.

கழகத்தார் செய்யத்தக்கன

அங்ஙனமாயின் கூதிரில் மாணவர் வாளா இருப்பதோ எனின், அன்று. நான்கு தொழில்களை யாம் குறிக்கின்றோம்.

முதலாவது, காற்றேடு எழுதுதல். நாள்தோறும் காலை மாலை காற்றின் திசை, முகில், காற்றழுத்தமானியின் அளவு ஆகியவற்றைக் குறித்து வைத்தல் வேண்டும். நம் நாட்டில் காற்றழுத்தம் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இருமுறை இறங்கும். முற்பகல் பத்து மணியளவில் உயர்ந்து பிற்பகல் நான்கு மணியளவில் தாழும். இவ்வொழுங்கு குலைந்து அழுத்தம் தொடர்ந்து தாழுமாயின் புயலை ஐயுறுக. காற்றை எதிர்நோக்கி நில்லுங்கள். தாழ்வழுத்தத்தின் நடு உங்கள் வலப்பக்கத்தில் இருக்கும். கடலூரில் வடகாற்று வலுத்து வீசின், வலப்பக்கம் கிழக்கு. ஆகவே புயல் எதிரேயுள்ள கடலில் இருக்கின்றது என்க.

இரண்டாவது, கயிறும் பாயும் பேணுதல். முடிச்சு ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக்கொண்டே இடவும் அவிழ்க்கவும் பழகுதல் வேண்டும். இருளில் பயன்படுவது அப்பழக்கமே.

மூன்றாவது, நீந்தலும் உயிர்காத்தலும். மிதவைச் சட்டை அணிந்து, அமைதியான குளத்தில், கவிழ்ந்த படகை நிமிர்த்தும் பயிற்சியைச் செய்க. கவிழ்ந்த படகு பெரும்பாலும் மிதந்தே கிடக்கும். அதனை விட்டுக் கரை நோக்கி நீந்துவோனைவிட, அதனைப் பற்றிக்கொண்டிருப்போனே காண்பதற்கும் காப்பதற்கும் எளியன்.

நான்காவது, கூட்டம். திங்களுக்கு ஒருமுறை மாலையில் கூடுக. தேவனாம்பட்டினத்திலும் கிள்ளையிலும் பரங்கிப்பேட்டையிலும் உள்ள முதிய கடலோடிகளை மதிப்போடு அழைத்து, காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் கயிற்றுக்கும் அவர் வழங்கும் சொற்களை எழுதிக்கொள்க. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் மையம் உளது. அத்துறை அறிஞரையும் அழைக்கலாம். பிச்சாவரம் வனத்துறையின் ஆளுகைக்கு உட்பட்டது. அங்குச் செல்லுதற்கு இசைவு பெறுதல் கடமையாம். சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயர் தந்த மரம் இன்றும் அச்சதுப்புக் காட்டில் நிற்கின்றது. ஆழிப்பேரலையின் வேகத்தைத் தணித்துப் பின்னிருந்த ஊர்களுக்கு அரணாய் நின்றதும் அக்காடே. படகு செலுத்துவோர் அதன் வேரையும் கிளையையும் ஊறு செய்யாது காத்தல் வேண்டும்.

இவ்வண்ணம் கூதிரும் முன்பனியும் கழிந்து மாசி பிறக்கட்டும். மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகர் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளுவதும், அவ்வூர் இஸ்லாமியர் அவ்விழாவில் அன்போடு பங்குகொள்வதும் நீங்கள் அறிந்ததே. கடல் அமைந்த அப்பருவத்தில், நன்னாள் ஒன்றில், நம் கழகத்தின் முதற் படகு உப்பனாற்றில் பாய் விரிப்பதாகுக. அதனைக் காண யாமும் கரையில் நிற்போம். அன்று முகம் வாடிய நண்பர்களே அப்படகின் சுக்கானைப் பற்றுவாராக. எப்போது திரும்ப வேண்டும் என்பதை நான்கு திங்கள் கரையிலிருந்து கற்ற கைகளில்தான் படகை நம்பி ஒப்படைக்கலாம்.