உள்ளே அவர் தனியாக இருக்கட்டும்

முப்பது வருடத்துக்கு மேல் பிளம்பிங் காண்ட்ராக்ட் பார்த்தவன் நான். கடைசிப் பத்து வருடம் பெரும்பாலும் மனநல மருத்துவமனை வேலை. இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளும் தங்கைகளும் கேட்டதால் எழுதுகிறேன். வீட்டுக் குளியலறை கட்டத் தெரிந்தவர்களுக்கு இதில் பாதி தெரிந்திருக்கும். மீதிக்கு, கற்றதில் கொஞ்சம் மறக்க வேண்டும்.

1. வார்டில் இருப்பவரை யாராவது பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு தனியாக நிற்க அவருக்குக் கிடைப்பது குளியலறை ஒன்றுதான். ஆபத்தும் அங்கேதான், மானமும் அங்கேதான். நீ பொருத்தின சாமானை நம்ப முடிந்தால் நர்ஸ் வெளியே நிற்பார். நம்ப முடியாவிட்டால் கதவைத் திறந்து வைத்துக் குளி என்பார். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு பாதுகாப்பான சூழல், போதிய கழிப்பிட வசதி, அந்தரங்கம் மூன்றையும் நோயாளியின் உரிமை என்கிறது. சட்டத்தில் மூன்றும் வரிசையாக வந்துவிட்டன. ஒரே கதவுக்குப் பின்னால் அவற்றைச் சேர்த்துவைப்பது நம் தலையில் விழுந்த வேலை.

2. எதையும் சுற்றிக் கட்ட இடம் கொடுக்காதே. கேட்லாக்கில் நீ பார்க்கும் டவல் ராடு, கொக்கி, ஷவர் கை எல்லாம் சுவரை விட்டு நீட்டிக்கொண்டு நிற்பவை. இங்கே சாமான் சுவரோடு ஒட்டி, மேல்பக்கம் சரிந்து, பின்னால் இடுக்கு இல்லாமல் இருக்க வேண்டும். தரையிலிருந்து கூரை வரை ஒன்று விடாமல் பார். பிரிட்டனில் 2000ஆம் ஆண்டு அரசு ஒரு இலக்கு வைத்தது: மனநல வார்டுகளில் பாரம் தாங்கும் திரைக் கம்பிகளால் நேரும் தற்கொலை 2002க்குள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. பாரம் விழுந்தால் தானே கழன்றுவிடும் கம்பிகள் அப்படித்தான் வார்டுகளுக்குள் வந்தன. ஒரு கம்பியை மாற்றுவதெல்லாம் சிகிச்சையா என்று சூபர்வைசர் ஒருவர் என்னிடம் சிரித்தார். அந்த நேரத்து வேகம் பெரும்பாலும் தணிந்துவிடும், தணியும்வரை வழி அடைபட்டிருக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்வார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தை வாங்கிக் கொடுப்பதுதான் நம் கூலி.

3. நீட்டக் கூடாது என்றால் சோப்பை எங்கே வைப்பது? நம் பாட்டி வீட்டில் விளக்குக்கு மாடம் இருந்ததே, அதேதான். சுவருக்குள்ளே குடைந்து, விளிம்பை உருட்டி, தண்ணீர் தேங்காமல் முன்பக்கம் லேசாக வாட்டம் கொடு. மாற்றுத் துணிக்குத் தண்ணீர் படாத பக்கம் இன்னொன்று. பிராக்கெட் வைத்த கண்ணாடி ஷெல்ஃபை விட இது மலிவு என்பதை எஞ்சினியர்களிடம் சத்தமாகச் சொல்.

4. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பதை நான் ஒரு வாஷ் பேசினில் கற்றேன். சிலிக்கான் அடித்து, விரலால் வழித்து, கண்ணாடி மாதிரி முடித்துவிட்டு வந்தேன். பத்தே நாளில் போன் வந்தது. போய்ப் பார்த்தால் பேசினைச் சுற்றி ஒரு இழை சிலிக்கான்கூட மிச்சமில்லை. ஒரு பையன் தினமும் நகத்தால் உரித்திருக்கிறான். கோபமெல்லாம் இல்லை, தூக்கம் வராத ராத்திரி, வேறு வேலை இல்லை. உரித்த இடுக்கில் ஒரு பிளேடுத் துண்டு ஒளிந்திருந்தது. யார் வைத்தது என்று கடைசி வரை தெரியவில்லை. அன்றிலிருந்து நகம் ஏறாத எபாக்ஸி சீலன்ட்தான். ஸ்க்ரூவும் அப்படியே: கடைத் திருப்புளியோ நாணயமோ நுழையும் தலை வேண்டாம். நடுவில் முள் வைத்த டார்க்ஸ் தலை ஸ்க்ரூ வாங்கு. அதன் பிட்டை வார்டில் விட்டு வராதே.

பிளாஸ்டிக் பிளக்கை ஹாலோ பிளாக் சுவரில் அடித்துவிட்டு ‘கெட்டியா இருக்கு சார்’ என்று சொல்லும் பழக்கத்தையும் விடு. கட்டும்போதே அந்த இடத்தில் கான்கிரீட் வார்க்கச் சொல்.

5. வழுக்கி விழுவது சின்ன விஷயம் என்று நினைக்காதே. மனநோய்க்குக் கொடுக்கும் மாத்திரைகளில் சில, உட்கார்ந்து எழுந்ததும் தலை சுற்ற வைக்கும். கமோடிலிருந்து எழுபவருக்குக் கைப்பிடி கட்டாயம் வேண்டும். ஆனால் சாதாரணக் கைப்பிடிக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி உண்டு. என்ன செய்வது? கைப்பிடியின் அடிப்பக்கம் முழுவதும் சுவர் வரை தகடு வைத்து மூடின மாதிரி கிடைக்கிறது. உள்ளங்கை பிடிக்கும், வேறெதுவும் நுழையாது. தரைக்குச் சொரசொரப்பு டைல், மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வாட்டம், வாட்டம் முடிகிற இடத்தில் நஹானி ட்ராப். ட்ராப்பின் சல்லடையையும் ஸ்க்ரூ போட்டு இறுக்கு.

வெந்நீர் கேட்டால் கீசரை உள்ளே மாட்டாதே. டேங்கில் கிருமி வளராமல் இருக்க 60 டிகிரி வேண்டும், தோலுக்கு அது கொதிநீர். வெளியே தெர்மோஸ்டாட்டிக் வால்வில் கலந்து உள்ளே அனுப்பு. பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் ஷவருக்கு 41 டிகிரிதான் உச்சம். நம் ஊருக்கும் அது தாராளம்.

6. நெடுநாள் நோயில் சிலர் நிறுத்தாமல் தண்ணீர் குடிப்பார்கள். ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வரை போகும். அதனால் ஒவ்வொரு குளியலறைக்கும் தனி வால்வு, அதுவும் வெளியே, நர்ஸ் கைக்கு எட்டும்படி. தானே நிற்கும் அழுத்துக் குழாய் போட்டால் வெள்ளமும் வராது. ஹெல்த் ஃபாசெட்டின் ஹோஸ் கூடவே கூடாது. கமோடிலேயே அமைந்த ஜெட் போடு. நம் ஆட்கள் காகிதத்தில் துடைத்துப் பழகியவர்கள் இல்லை. தண்ணீர் இல்லாத கழிப்பறையை வெளிநாட்டு டிராயிங்கிலிருந்து அப்படியே இறக்கிவிடாதே.

7. பீங்கான் உடைந்தால் கத்தி. சாலிட் சர்ஃபேஸ் பேசின் விலை கூடுதல்தான், ஆனால் கீறல் விழுந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாம். கண்ணாடிக்குப் பதில் பாலிகார்பனேட். ஸ்டீல் வாங்கினால் 316 கேள். 304 நல்ல சரக்குதான், ஆனால் நம் வார்டுகளில் பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் ஊற்றிக் கழுவுகிறார்கள், குளோரைடு பட்ட இடத்தில் அது புள்ளி புள்ளியாக அரித்துவிடும். 316லும் ஆசிட் ஊற்றக் கூடாது. எந்த மருந்தில் கழுவுவது என்று சுகாதாரப் பணியாளரம்மாவிடம் நேரில் சொல்லிக் கொடு. ஆசிட் பாட்டில் பக்கெட்டுக்குப் பின்னால் இருந்ததை நான் இரண்டு இடத்தில் பார்த்தேன். நாம் பொருத்தின அத்தனை பாதுகாப்பும் அந்த ஒரு பாட்டிலில் போய்விடும்.

8. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே மயங்கி விழுந்தவர் கதவை அடைத்துக் கிடப்பார். தாழ்ப்பாள் உள்ளே இருக்கட்டும், அது அவர் மரியாதை. வெளியிலிருந்து சாவியால் திறக்கும்படியும் இருக்கட்டும்.

9. பைப், வால்வு, ஃப்ளஷ் டேங்க் எல்லாம் சுவருக்குப் பின்னால் டக்ட்டில். ரிப்பேருக்கு வரும் பிளம்பர் வார்டுக்குள்ளேயே வர வேண்டாம். வந்தே ஆக வேண்டுமென்றால் வாசலில் பையைத் திறந்து எண்ணு: குறடு, ஸ்பேனர், திருப்புளி, டிரில் பிட். வெளியே வரும்போது மறுபடி எண்ணு. ஒன்று குறைந்தால் சாப்பிடப் போகாதே.

10. ஜெயில் மாதிரி கட்டாதே. ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்டில் தீப்பிடித்தபோது 28 பேர் செத்தது சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால். அந்தச் சங்கிலியையும் பாதுகாப்பு என்றுதான் சொன்னார்கள். நீ வைக்கும் ஸ்டீல் தகட்டைப் பார்த்ததும் ‘என்னை இங்கே அடைத்திருக்கிறார்கள்’ என்று ஒருவருக்குத் தோன்றினால் அதை மாற்று. வெள்ளை, இளம்பச்சை, சுவருக்கு ஏற்ற நிறம் கிடைக்கிறது. குணமாகி வீட்டுக்குப் போகத் தயாராகிறவர் தங்கும் விடுதிகளில் சாதாரணக் குழாயே போடு. வீட்டில் அவர் திருகப்போவது அதைத்தான்.

11. முடித்துவிட்டு ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார். நான் பெருமைப்பட்ட ஒரு வார்டுக்கு அப்படிப் போனேன். அழுத்துக் குழாய் ஒன்று பழுதாகி, பக்கத்துக் கடையில் வாங்கின நீளக் கழுத்துக் குழாய் அங்கே மாட்டியிருந்தது. உதிரி எங்கே கிடைக்கும் என்று நான் எழுதிக் கொடுக்கவில்லை. தப்பு என்னுடையது. இப்போதெல்லாம் பில்லோடு ஒரு பெட்டி உதிரியும் கொடுத்துவிடுகிறேன்.

அதே வார்டில் கதவுக்குப் பக்கத்தில் மூன்றங்குல ஆணி ஒன்று. ஆயாம்மாவைக் கேட்டேன். ‘மாப்பு மாட்ட ஒரு இடம் வைக்கலையே தம்பி, ஈரத்தோட எங்கே சாத்தறது?’ என்றார். டிராயிங்கைப் புரட்டிப் பார்த்தேன். வைக்கவில்லைதான். அன்றைக்கே ஆணியைப் பிடுங்கி, ஓட்டையை எபாக்ஸியால் அடைத்து, காரிடார் முனையில் அவருக்குப் பூட்டுப் போட்ட ஒரு அலமாரி கட்டிக் கொடுத்தேன். பில் போடவில்லை.